‘பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களா?’ திருப்பூர் தாயின் கடிதத்துக்கு ஒரு வழக்கறிஞரின் பதில்

கடிதம் எழுதியவருக்கு வயது 34. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. டெய்லராக இருந்த கணவர் சிறுநீரகம் கெட்டு இரண்டு வருடத்துக்கு முன் இறந்துவிட்டார். மகனுக்கு 13 வயது, எட்டாம் வகுப்பு. மகளுக்கு 6 வயது, ஒன்றாம் வகுப்பு. இருவருமே அரசுப் பள்ளியில். 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி விதித்த பிறகு கம்பெனிக்கு ஆர்டர் குறைந்தது. வாரம் ஆறு நாளும் ஒன்றரை ஷிப்ட் ஓடிய இடத்தில், தீபாவளிக்குப் பிறகு மூன்று நாள்தான் வேலை. சனிக்கிழமை கைக்கு வருவது 1,350 ரூபாய். வாடகையும் குழுக் கடனும் கட்டினால் மளிகைக்கு மிஞ்சுவதில்லை.

எப்போதாவது ராத்திரி வேலை கிடைத்தால், பிள்ளைகளை உள்ளே படுக்க வைத்து, வெளியே பூட்டிவிட்டுப் போயிருக்கிறார். மகன் அம்மாவுக்குத் தெரியாமல் ஒரு சின்ன யூனிட்டில் பிசிர் வெட்டப் போய், கிடைத்த காசை அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்திருக்கிறான். பள்ளிக்கு 17 நாள் போகவில்லை. யாரோ குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குச் சொல்ல, இரண்டு பேர் வந்து விசாரித்து எழுதிக்கொண்டு போனார்கள். அன்று இரவே பிள்ளைகளோடு தேனி மாவட்டத்திலுள்ள அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறியவர், இன்றுவரை போனை அணைத்தே வைத்திருக்கிறார்.

இதற்கிடையில் தெரிந்தவர் ஒருவர், வேறு மாவட்டத்தில் ஓர் இல்லம் இருக்கிறது, சாப்பாடு, துணி, இங்கிலீஷ் மீடியம் எல்லாம் இலவசம், பத்திரத்தில் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும் என்கிறார். பிள்ளைகளுக்கு அரசு தரும் மாத உதவிக்கு ஐந்து மாதம் முன்பு மனுக் கொடுத்தும் பதில் இல்லை. “ஆபீசர்கள் தூக்கிக்கொண்டு போவதற்கு முன் நானே நல்ல இடத்தில் விட்டுவிடலாமா? நான் செய்தது குற்றமா?” என்று கேட்கிறார்.

சகோதரி, முதலில் ஒன்று. அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ஏற்கெனவே போட்டிருந்தாலும் பயப்பட வேண்டாம். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

ஏழ்மைக்காகப் பிரிக்கச் சட்டம் சொல்லவில்லை

நீங்கள் பயப்படும் சட்டத்தின் பெயர் இளைஞர் நீதிச் சட்டம், 2015. அதன் 3-ஆம் பிரிவு, அதிகாரிகள் எல்லோரும் மனதில் வைத்திருக்க வேண்டிய கொள்கைகளை வரிசைப்படுத்துகிறது. பிள்ளையை வளர்க்கும் முதல் பொறுப்பு பெற்ற குடும்பத்துக்கே என்பது அதில் ஒன்று. இல்லத்தில் சேர்ப்பது, வேறு வழி எதுவுமே இல்லாதபோது எடுக்கும் கடைசி முடிவாக இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. அம்மாவிடம் காசில்லை என்ற ஒரே காரணத்துக்காக இந்தச் சட்டத்தின் கீழ் பிள்ளையைப் பிரிப்பது முறையாகாது.

பிள்ளைகளைப் பற்றி முடிவெடுப்பது வீட்டுக்கு வந்த அந்த இருவரும் அல்ல. ஒவ்வொரு மாவட்டத்திலும் குழந்தைகள் நலக் குழு என்று ஒன்று உண்டு. தலைவர் ஒருவர், உறுப்பினர்கள் நால்வர். அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். மாதத்தில் குறைந்தது 20 நாள் அந்தக் குழு அமர வேண்டும். பிள்ளையை முன்னால் நிறுத்திய பிறகு, வீட்டு நிலைமை பற்றிய சமூக விசாரணை அறிக்கையை 15 நாளுக்குள் வாங்கி, நான்கு மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். அந்த முடிவு, ‘பிள்ளை அம்மாவிடமே இருக்கட்டும், மாத உதவிக்குப் பரிந்துரைக்கிறோம்’ என்பதாகவும் இருக்கலாம். உங்கள் வீட்டுக்கு நான் கேட்பது அந்த உத்தரவைத்தான்.

வந்துபோனவர்களின் நிலைமை

நான் சில ஆண்டுகள் ஒரு மாவட்டத்தில் அப்படிப்பட்ட குழுவில் உறுப்பினராக இருந்தேன். அதனால் மேசைக்கு அந்தப் பக்கம் நடப்பதை உங்களுக்குச் சொல்ல முடியும். மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யா, ஒரு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு ஒதுக்கியிருப்பது சமூகப் பணியாளர் இருவர், களப்பணியாளர் இருவர். ஒரு மாவட்டம் முழுமைக்கும் அவ்வளவுதான். பெரும்பாலும் ஒப்பந்தத்தில், தொகுப்பூதியத்தில் இருப்பவர்கள். குழந்தைத் திருமணம், பாலியல் குற்றம், காணாமல் போன பிள்ளை, தொட்டிலில் விடப்பட்ட சிசு, இல்லங்களை ஆய்வு செய்வது என்று எல்லாமே அவர்கள் தலையில்தான்.

தொழில் படுத்துவிட்டால் என்ன ஆகிறது? பிள்ளைகள் வேலைக்குப் போகிறார்கள். பள்ளியில் வருகை குறைகிறது. வீட்டில் சண்டை கூடுகிறது. 1098-க்கு வரும் அழைப்புகள் கூடுகின்றன. அதே மாதத்தில் உதவித்தொகைக்கான மனுக்களும் குவிகின்றன. ஆளோ அதே நான்கு பேர். கொரோனா ஊரடங்கு முடிந்த மாதங்களில் எங்கள் மேசையில் கோப்புகள் அடுக்கு அடுக்காக நின்றதை நான் மறக்கவில்லை.

அந்த நெருக்கடியில் ஒரு கோணல் நடக்கிறது. இல்லத்தில் கட்டில் தயாராக இருக்கும். சேர்க்க ஓர் உத்தரவு போதும். பிள்ளையை வீட்டிலேயே வைத்துக் குடும்பத்துக்குப் பணம் தருவதென்றால் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும், அறிக்கை எழுத வேண்டும், மாவட்ட ஆட்சியர் தலைமையிலான ஒப்புதல் குழு கூட வேண்டும், நிதி வர வேண்டும். கடைசி வழி என்று சட்டம் சொல்வது, ஆளில்லாத அலுவலகத்துக்கு எளிய வழியாகிவிடுகிறது. நாங்களே ஒருமுறை, வீடு பூட்டியிருக்கிறது, தாயைக் காணோம் என்ற இரண்டு வரிக் குறிப்பை நம்பி மூன்று பிள்ளைகளை இல்லத்துக்கு அனுப்பினோம். அந்தத் தாய் தர்மபுரியில் செங்கல் சூளையில் இருந்தார். தகவல் தெரிந்து அவர் எங்கள் முன் வந்து நின்றபோது ஐந்து மாதம் ஓடியிருந்தது. கடைக்குட்டி அவரிடம் போகாமல் வார்டன் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டது.

அதனால்தான் நீங்கள் தேனிக்குப் போனது எனக்குக் கவலையாக இருக்கிறது. உங்களைப் பொறுத்தவரை அது பிள்ளைகளைக் காப்பாற்றும் வேலை. கோப்பில் அது ‘குடும்பம் தலைமறைவு, பிள்ளைகள் பள்ளியில் இல்லை’ என்றுதான் ஏறும். மறுபடி வந்து பார்க்க ஆள் இல்லாத அலுவலகத்தில், யார் எழுதியதோ அதுவே உண்மையாகிவிடும். அந்தக் காகிதத்தில் உங்கள் பக்கம் ஏறியாக வேண்டும். அதற்கு நீங்களே நேரில் போவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

1098-க்குச் சொன்னது யார் என்று தேடாதீர்கள். எதிர்வீட்டு அக்காவாக இருக்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். அவராகவே இருந்தாலும், பூட்டிய வீட்டுக்குள் இரண்டு பிள்ளைகள் இருப்பது தெரிந்து அவருக்குத் தூக்கம் வராமல் போயிருக்கலாம்.

பூட்டிய கதவும் மகனின் வேலையும்

நீங்கள் செய்தது குற்றமா என்று நேராகக் கேட்டீர்கள், நானும் நேராகச் சொல்கிறேன். வேண்டுமென்றே பிள்ளையைக் கவனிக்காமல் விட்டுத் துன்பத்துக்கு ஆளாக்குவது இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-ஆம் பிரிவின் கீழ் குற்றம். மூன்று வருடம் வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் அபராதமோ இரண்டுமோ விதிக்க இடமுண்டு. ஆனால் ‘வேண்டுமென்றே’ என்ற சொல் அங்கே முக்கியம். கைமீறிய சூழ்நிலையால் பெற்றோர் பிள்ளையைக் கைவிட நேர்ந்திருந்தால், அதை வேண்டுமென்று செய்ததாகக் கொள்ளக் கூடாது என்று அதே பிரிவு தாய் தகப்பனுக்கு விலக்குத் தருகிறது. நீங்கள் கைவிடக்கூட இல்லை, கூலிக்குப் போனீர்கள். உங்கள் மேல் வழக்கு வரும் என்று நான் நினைக்கவில்லை.

அதற்காக அது சரி என்றும் சொல்ல மாட்டேன். வெளியே பூட்டிய வீட்டில் கேஸ் கசிந்தாலோ மின்கசிவு வந்தாலோ பிள்ளைகள் வெளியே வர வழியில்லை. இனி ஒரு ராத்திரிகூட அப்படிச் செய்யாதீர்கள். பிள்ளைகள் பக்கத்து வீட்டில் தூங்கட்டும். அந்த எதிர்வீட்டு அக்காவிடமே கேட்டுப் பாருங்கள். அதற்கும் வழியில்லாத ராத்திரியில் அந்தக் கூலி வேண்டாம்.

மகன் விஷயத்தில் சட்டம் தெளிவு. 14 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையைக் கூலி வேலைக்கு வைக்கவே கூடாது. வைத்தவருக்கு ஆறு மாதம் முதல் இரண்டு வருடம் வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பெற்றோருக்கு முதல் தடவை தண்டனை இல்லை என்று குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தம் சொல்கிறது. எனவே ‘பையன் எங்கும் போகவில்லை’ என்று மறைக்காதீர்கள். தெரிந்ததும் நிறுத்திவிட்டேன் என்று உள்ளதைச் சொல்லுங்கள். அந்த யூனிட்காரரைக் காப்பாற்ற நீங்கள் பொய் சொல்ல வேண்டியதில்லை.

கையெழுத்துப் போட்டால் போதும் என்ற இல்லம்

இல்லம் என்றதும் ஹாஸ்டல் மாதிரி என்று நினைக்கிறீர்கள். இரண்டும் வேறு. ஆதிதிராவிடர் நல விடுதி, பிற்படுத்தப்பட்டோர் விடுதி போன்றவை படிக்கும் பிள்ளைகள் தங்குமிடம். லீவுக்கு வீட்டுக்கு வரலாம், பிள்ளை உங்கள் பொறுப்பிலேயே இருக்கும். குழந்தைகள் இல்லத்துக்குள் போனால் பிள்ளை நலக் குழுவின் பொறுப்புக்குள் வந்துவிடும். அந்த இல்லம் இளைஞர் நீதிச் சட்டத்தின் 41-ஆம் பிரிவின் கீழ் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவில்லாமல் நடத்தினால் ஒரு வருடம் வரை சிறையோ, ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதமோ, இரண்டுமோ உண்டு. பதிவு செய்த இல்லமும் தாய் கையிலிருந்து பிள்ளையை நேராக வாங்கி வைத்துக்கொள்ள முடியாது. குழுவின் உத்தரவு வேண்டும். பத்திரம் காட்டிப் பிள்ளை கேட்பவர் எவ்வளவு நல்லவராகத் தெரிந்தாலும் சட்டத்துக்கு வெளியே நிற்கிறார்.

நம் மாநிலத்துக்கு இதில் கசப்பான அனுபவம் உண்டு. மாமல்லபுரம் பக்கம் அனாதை இல்லங்களில் பிள்ளைகள் சீரழிக்கப்பட்டதாக 2007-இல் வந்த பத்திரிகைச் செய்தியிலிருந்து தொடங்கிய வழக்கில்தான், உச்ச நீதிமன்றம் 2017 மே 5-ஆம் தேதி நாடு முழுவதும் உள்ள எல்லா இல்லங்களையும் அந்த ஆண்டு முடிவதற்குள் பதிவு செய்யச் சொன்னது. 2021-இல் மதுரையில் ஒரு காப்பகம், ஒரு வயதுக் குழந்தை கொரோனாவில் இறந்துவிட்டதாகப் போலி ஆவணம் தயாரித்து அதை விற்றது வெளியே வந்தது. எல்லா இல்லமும் அப்படி என்று சொல்லவில்லை. அர்ப்பணிப்போடு நடத்துகிறவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவரும் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவதில்லை.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தால்? பிள்ளையை ஒப்படைப்பதென்றால் அது குழுவின் முன்னால், ஆலோசனை சொன்ன பிறகுதான் நடக்க வேண்டும் என்று 35-ஆம் பிரிவு சொல்கிறது. அதற்குப் பிறகும் மனதை மாற்றிக்கொள்ளத் தாய்க்கு இரண்டு மாத அவகாசம் உண்டு. வெளியாள் எழுதி வாங்கும் பத்திரத்தால் உங்கள் பிள்ளை மேல் யாருக்கும் உரிமை வராது.

மனு ஏன் கிடக்கிறது

நீங்கள் கேட்டது நிதி ஆதரவு, அலுவலகத்தில் ஸ்பான்சர்ஷிப் என்பார்கள். ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய். கணவரை இழந்த தாயோடு இருக்கும் பிள்ளைகள் அதற்குத் தகுதியானவர்கள். நகரத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 96,000 ரூபாய்க்குள்ளும், கிராமத்தில் 72,000 ரூபாய்க்குள்ளும் இருக்க வேண்டும். நீங்கள் மனுவோடு வைத்தது, கணவர் இருந்தபோது மகன் படிப்புக்காக வாங்கிய 1,44,000 ரூபாய் வருமானச் சான்று. சிக்கல் அங்கேதான் என்று நினைக்கிறேன். அதைப் பார்க்கிறவர் வரம்பைத் தாண்டிவிட்டது என்று ஓரமாக வைத்திருப்பார். உங்களுக்குச் சொல்ல அவருக்கு நேரம் இருந்திருக்காது. வாரம் 1,350 என்றால் இன்றைய கணக்கில் வருடத்துக்கு 70,200 ரூபாய்தான். இ-சேவை மையத்தில் புதுச் சான்றுக்கு விண்ணப்பியுங்கள். வி.ஏ.ஓ. விசாரிக்கும்போது கணவர் இறந்ததையும் மூன்று நாள் வேலையையும் சொல்லுங்கள். கம்பெனிச் சம்பளச் சீட்டு இருந்தால் காட்டுங்கள்.

அதோடு கணவரின் இறப்புச் சான்று, மூவரின் ஆதார், ரேஷன் கார்டு, பள்ளியில் படிப்பதற்கான சான்று, வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றின் நகல்களை வைத்துப் புது மனு எழுதுங்கள். ஒன்றை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கொடுங்கள். இன்னொன்றைத் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் கொடுத்து ரசீது வாங்குங்கள். ஒப்புதல் குழுவின் தலைவரே அவர்தான். மூன்றாவது நகல் நலக் குழுவுக்கு. குழு பரிந்துரைத்தால் மனுவுக்கு வலு கூடும். நலக் குழுவின் நடவடிக்கையில் குறை இருந்தாலும் ஆட்சியரிடமே முறையிடலாம்.

இரண்டு நிபந்தனைகள் உண்டு. பள்ளி வருகை 30 நாளுக்கு மேல் ஒழுங்கில்லாமல் போனால் உதவி நிறுத்தப்படும். பிள்ளையை ஹாஸ்டலில் சேர்த்தாலும் நின்றுவிடும். ஆகவே மகனை விடுதிக்கு அனுப்புவதா, 4,000 ரூபாயோடு வீட்டில் வைத்துக்கொள்வதா என்பதில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். என்னைக் கேட்டால் வீடு. தங்கைக்கு ராத்திரித் துணை அவன்தான்.

உடன் வேலை செய்கிறவர் சொன்ன ‘அன்புக் கரங்கள்’ திட்டம் உங்களுக்குப் பொருந்தாது. தாய் தகப்பன் இருவரையும் இழந்தவர்களுக்கும், ஒருவரை இழந்து மற்றவர் கடும் நோய், ஊனம், சிறை போன்ற காரணங்களால் பார்த்துக்கொள்ள முடியாத நிலையில் இருக்கும் பிள்ளைகளுக்கும்தான் அந்த 2,000 ரூபாய். அதில் நாளைக் கழிக்க வேண்டாம்.

வேறொன்றை விசாரியுங்கள். கணவருக்குக் கம்பெனியில் பி.எஃப். பிடித்தார்களா? பணியில் இருக்கும்போதே இறந்திருந்தால், ஒரு மாதச் சந்தா கட்டியிருந்தாலும் மனைவிக்கு ஓய்வூதியம் உண்டு. இரண்டு பிள்ளைகளுக்கும் 25 வயது வரை தனியாக உண்டு. திருப்பூரில் இதைக் கேட்காமலே விட்ட பெண்கள் நிறைய. குழுக் கடன் வசூலுக்கு வருபவர் காலை 9-க்கு முன்போ மாலை 6-க்குப் பின்போ கதவைத் தட்டக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் 2022 விதி.

இந்த வாரம்

போனைப் போடுங்கள். முதல் அழைப்பு பள்ளித் தலைமை ஆசிரியருக்கு: எங்கே இருக்கிறீர்கள், எப்போது திரும்புகிறீர்கள் என்று சொல்லுங்கள். மகள் தேனியில் இருக்கும் ஒவ்வொரு நாளும் பள்ளியின் காலை உணவையும் சத்துணவையும் இழக்கிறாள். பெயர் நீக்கப்பட்டிருந்தாலும் திரும்பச் சேர்க்க மறுக்க முடியாது. இரண்டாவது அழைப்பு 1098-க்கு: உங்கள் பெயர், வீட்டுக்கு ஆள் வந்த தேதி, நீங்களே குழு முன் வரப்போகும் விவரம். மூன்றாவது 15100. அது சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் எண். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞர் தருவார்கள். திருப்பூரில் குழு முன்னால் போகும் நாளில் கூடவே வரச் சொல்லிக் கேளுங்கள்.

இதில் ஆபத்தே இல்லை என்று சொன்னால் அது பொய். விசாரணை முடியும்வரை பிள்ளைகளைச் சில நாள் இல்லத்தில் வைக்கக் குழு நினைக்கலாம். அப்படிச் சொன்னால் ராத்திரி யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதற்கு உங்களிடம் பதில் தயாராக இருக்கட்டும். முடிந்தால் உங்கள் அம்மாவை இரண்டு மாதம் திருப்பூருக்குக் கூட்டி வாருங்கள். பாட்டி வந்து நின்றால் குழு தயங்குவதற்கான பெரிய காரணம் போய்விடும். அதையும் மீறி இல்லம் என்றே உத்தரவு வந்தால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

போவதற்கு முன் மகனிடம் உட்கார்ந்து பேசுங்கள். அவன் செய்ததைத் திட்டாதீர்கள். குழுவில் அவனையும் கேட்பார்கள். பிள்ளையின் விருப்பத்தைக் கேட்டு முடிவெடுக்க வேண்டும் என்பதும் அந்த 3-ஆம் பிரிவில் இருக்கிறது. என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். அரிசி டப்பாவுக்கு அடியில் காசு வைத்ததை அவன் வாயாலேயே சொல்லட்டும்.